கிதாரில் கணீர் நாதம்

ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் மின்கிதாரைப் பற்றிப் பேச வந்திருப்பது தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். முப்பத்தைந்து ஆண்டுகள் பௌதிகமும் கணிதமும் கற்பித்தவன் நான். வாத்தியம் எதனையும் கையால் தொட்டுப் பழகியவன் அல்லேன். எங்கள் இல்லத்தில் சங்கீதம் அறிந்தவர் என் மனைவியார். அவருடைய தம்புரா கூடத்து மூலையில் உறையிட்டு நிற்கும். மாலைதோறும் உறை கழன்று சுருதி சேரும். மகள் வயிற்றுப் பேரன் கல்லூரிப் படிப்பின் பொருட்டு எங்களோடு வந்து தங்கிய பிறகு, அந்த மூலையிலேயே ஒரு மின்கிதாரும் அதற்குரிய மின்பெருக்கிப் பெட்டியும் இடம் பிடித்துக்கொண்டன.

ஒரு நாள் அவன் முகம் வாடி என்னிடம் வந்தான். "தாத்தா, என் கிதார் மந்தமாகப் பேசுகிறது. மணி அடித்தாற்போல் கணீரென்று வரவேண்டும். ரிக்கன்பேக்கர் பன்னிரு கம்பிக் கிதார் இருந்தால்தான் அந்த நாதம் வரும்" என்றான். விலையைக் கேட்டேன். என் ஓய்வூதியத்தில் பல மாதங்களை அது ஒரே வாயில் விழுங்கிவிடும் என்று தெரிந்தது. "தம்பி, முதலில் காரணத்தை ஆராய்வோம், பணப்பெட்டியைப் பிறகு திறப்போம்" என்றேன். அந்த ஆராய்ச்சியின் கதையைத்தான் இன்று சொல்ல எண்ணுகிறேன். அது எங்கோ தொடங்கி, நான் எதிர்பாராத ஓரிடத்தில், என்னிடமே வந்து முடிந்தது.

முதலில், அவன் ஆசைப்பட்ட நாதம் எங்கே பிறந்தது என்று பார்ப்போம். 1931ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் காந்தத்தையும் கம்பிச் சுருளையும் கொண்டு கிதார்க் கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் கருவியை உருவாக்கினார். அவரோடு சேர்ந்து அதனைத் தயாரித்தவர் அடால்ஃப் ரிக்கன்பேக்கர். அலுமினியத்தில் வார்த்த அக்கிதார், பார்வைக்கு நீண்ட காம்புள்ள வாணலி போலிருந்தமையால் வாணலி என்றே பெயர் பெற்றது. அந்த நிறுவனம் 1963ஆம் ஆண்டின் இறுதியில் பன்னிரு கம்பி மின்கிதார் ஒன்றைச் செய்தது. 1964 பிப்ரவரியில், இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் நியூயார்க் வந்திருந்தபோது, அவர்களுள் ஒருவராகிய ஜார்ஜ் ஹாரிசன் கைக்கு அத்தகைய கிதார் ஒன்று சேர்ந்தது. அதே ஆண்டில் வெளிவந்த அவர்களுடைய திரைப்படத்தில் அது ஒலித்தது. அப்படத்தைக் கண்ட ரோஜர் மக்கின் என்னும் அமெரிக்க இளைஞர், தாமும் அவ்வகைக் கிதார் ஒன்றை வாங்கினார். 1965இல் பேர்ட்ஸ் என்னும் அவருடைய குழு, பாப் டிலனின் பாட்டு ஒன்றை அக்கிதாரின் முழக்கத்தோடு இசைத்து அமெரிக்க நாட்டில் முதலிடம் பெற்றது. அன்று முதல் இந்தக் கணீர் நாதத்துக்கு ஒரு பரம்பரையே உண்டாயிற்று.

பன்னிரு கம்பி என்றால் பன்னிரண்டு வேறு சுரங்கள் என்பதில்லை. ஆறு இணைகள். மெல்லிய இரண்டு இணைகளில் இரு கம்பிகளும் ஒரே சுரம். மற்ற நான்கு இணைகளில் ஒரு கம்பி தன் சுரத்தையும், அதன் துணை ஒரு ஸ்தாயி மேலான சுரத்தையும் ஒலிக்கும். இதில் ஒரு விந்தை உண்டு. கிதாரின் மிக மெல்லிய முதற்கம்பி விநாடிக்கு ஏறக்குறைய 330 முறை அதிர்வது. மூன்றாம் கம்பியின் துணையோ 392 முறை அதிர்கிறது. எனவே கருவியின் உச்ச சுரம் ஓரத்தில் இல்லாமல் நடுவே ஒளிந்திருக்கிறது. கையால் ஒரு முறை வருடினால் நடுவிலிருந்து ஒரு வெள்ளிக் கீற்று எழுவது இதனாலேதான். மிகுதியாக அறுந்து போவதும் அந்தக் கம்பியே.

இனி, கணீர் என்பது என்ன, மந்தம் என்பது என்ன? கம்பியொன்றை மீட்டினால் அது ஒரே சுரத்தை ஒலிப்பதில்லை. முழுக் கம்பியும் ஒருங்கே அதிர்வதால் அடிச்சுரம் பிறக்கிறது; அதே கணத்தில் அது இரண்டு பாகமாகவும், மூன்று பாகமாகவும், நான்கு பாகமாகவும் அதிர்ந்து மேற்சுரங்களைத் தருகிறது. கிதாரின் தடித்த கம்பி விநாடிக்கு ஏறக்குறைய 82 முறை அதிர்கிறது என்றால், அதனோடு 165, 247, 330 என்று ஏணிப்படிகளைப் போல் மேற்சுரங்கள் ஏறிக்கொண்டே போகும். உயரத்திலுள்ள படிகள் வலிமையோடு இருந்தால் நாதம் கணீரென்று இருக்கும். அவை தேய்ந்து போனால் மந்தமாகும். ஆகவே எங்கள் வேலை இதுதான்: கம்பியில் பிறக்கும் மேற்சுரங்கள் செவிக்கு வந்து சேரும் வழியில் எங்கெங்கே திருடு போகின்றன என்று கண்டுபிடிப்பது.

முதல் திருட்டு கம்பியிலேயே நடந்திருந்தது. பேரன் கம்பி மாற்றி ஓராண்டு ஆகியிருந்தது. தடித்த கம்பிகள் எஃகு நரம்பின்மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றிச் செய்யப்படுபவை. அச்சுற்றுகளின் இடுக்கில் விரல் வியர்வையும் அழுக்கும் துருவும் சேர்ந்தால், நுண்ணிய அதிர்வுகளே முதலில் மடிகின்றன. அடிச்சுரம் எப்போதும்போல் ஒலிக்கும். மேற்சுரங்கள் மட்டும் மறையும். ஆகவே கேட்டுக்கொண்டே இருப்பவனுக்குக் குறை தெரிவதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேய்வதால் காது பழகிவிடுகிறது. இந்த வாக்கியத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் அதைப் பேரனிடம் பெருமையோடு சொன்னேன். அது எனக்கே பொருந்தும் என்பதை அறியாமல் சொன்னேன்.

இரண்டாவது, மீட்டும் இடம். குதிரைக்கு அருகில் மீட்டினால் மேற்சுரங்கள் மிகும். கம்பியின் நடுப்பகுதியை நோக்கிக் கை நகர நகர நாதம் மென்மையாகும். சரி நடுவில் மீட்டினால் இரண்டு, நான்கு, ஆறு என்னும் இரட்டைப்படைப் பாகங்களின் சுரங்கள் எழ மாட்டா என்பது பழைய பௌதிக விதி. இங்கே நம் நாட்டுப் பெருமை ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த விதி நம்முடைய தம்புராவுக்கும் வீணைக்கும் பொருந்துவதில்லை என்று 1921இல் சர் சி. வி. இராமன் எடுத்துக்காட்டினார். வளைந்த குதிரையின்மேல் கம்பி தொட்டும் தொடாமலும் உரசுவதால், எழக்கூடாத மேற்சுரங்களும் எழுகின்றன. தம்புராவின் கம்பிக்கும் குதிரைக்கும் இடையே நம்மவர் வைக்கும் ஜீவா என்னும் நூல் அந்த வேலையைத்தான் செய்கிறது. கிதாரின் குதிரையில் இந்த வசதி இல்லை. ஆதலால் மீட்டும் இடமும், 'பிக்' என்னும் சில்லின் கடினமும் அங்கே கூடுதலாகக் கவனிக்கத்தக்கவை.

மூன்றாவது, பிக்கப். காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய உறுப்பு இது. எஃகுக் கம்பி அதன்மேல் அதிரும்போது சுருளில் மின்சாரம் தோன்றுகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்ட மின்தூண்டல் விதியே இது. ஒற்றைச் சுருள் பிக்கப் கூர்மையான நாதம் தரும். ஆனால் வீட்டு மின்சாரத்தின் ரீங்காரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இந்தத் தொல்லையை நீக்க, கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர் 1950களில் இரட்டைச் சுருள் பிக்கப்பை அமைத்தார். இரு சுருள்களில் தோன்றும் ரீங்காரம் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆனால் உச்ச மேற்சுரங்களிலும் ஒரு பகுதி உடன் மறையும். ரிக்கன்பேக்கரின் அந்நாளைய பிக்கப்புகள் ஒற்றைச் சுருள் வகையைச் சேர்ந்தவை. ரொட்டி வாட்டும் பெட்டியின் முகம் போன்ற மூடி கொண்டவை. என் பேரனுடைய கிதாரிலும், நல்லவேளையாக, ஒற்றைச் சுருள் பிக்கப்புகளே இருந்தன. அவன் கழுத்தருகே உள்ளதைப் பயன்படுத்தி வந்தான். குதிரையருகே உள்ளதற்கு மாறச் சொன்னேன்.

நான்காவது, கிதாரையும் பெட்டியையும் இணைக்கும் கேபிள். இதில்தான் எனக்குக் கணக்குப் போடும் வாய்ப்புக் கிடைத்தது. கேபிளுக்கு மின்தேக்குத்திறன் உண்டு. நீளம் கூடக் கூட அதுவும் கூடும். பிக்கப்பின் சுருளும் இந்த மின்தேக்கமும் சேர்ந்து, குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிர்ந்து, அவ்விடத்து மேற்சுரங்களை உயர்த்தும். அதற்கு மேலுள்ளவற்றை வெட்டிவிடும். எடுத்துக்காட்டாக, 2.4 ஹென்றி சுருளுக்கு 3 மீட்டர் கேபிள் ஒன்றை மாட்டி, மொத்த மின்தேக்கம் 500 பிக்கோஃபாரட் என்று கொண்டால், அந்த உச்சி 4,600 அதிர்வுகளுக்கு அருகே அமைகிறது. அவ்வகைக் கேபிளையே 9 மீட்டர் நீட்டினால் உச்சி 2,900க்கு அருகே இறங்கிவிடும். பேரன் வைத்திருந்தது 9 மீட்டர் கேபிள்! அறை முழுவதும் உலாவிக்கொண்டே வாசிக்கலாம் என்று வாங்கினானாம். 3 மீட்டர் கேபிள் ஒன்றைக் கடையிலிருந்து வரவழைத்தோம். மேலும், கிதாரின் ஒலிக்குமிழைக் குறைத்தால் சாதாரணக் கருவிகளில் மேற்சுரங்களும் சேர்ந்து குறையும். ஆகவே அதனை முழுதும் திறந்து வைத்து, பெட்டியில் அளவைக் குறைத்துக்கொள்ளச் சொன்னேன்.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பீட்டில்ஸ் குழுவினர் பயன்படுத்திய வாக்ஸ் ஏசி 30 என்னும் மின்பெருக்கி, இங்கிலாந்தின் டார்ட்ஃபர்ட் ஊரில் டிக் டென்னி என்பவர் வகுத்த வால்வுப் பெட்டி. கீழ்ச்சுரங்களை அடக்கி மேற்சுரங்களை மினுக்குவது அதன் இயல்பு. எளிய பெட்டியிலும் கீழ்ச்சுரக் குமிழைச் சற்றுத் தணித்தால் பாதிப் பயன் கிட்டும். மேற்சுரக் குமிழை அளவுக்கு மீறித் திருகினால் மணி ஒலி கிட்டாது, கீச்சொலிதான் கிட்டும்.

மக்கின் அவர்களின் நாதத்தில் மற்றோர் இரகசியமும் உண்டு. அவர் தனியே வாசித்தபோது அந்தக் கிதார் நெடுநேரம் ஒலித்து நிற்கவில்லையாம். ஒலிப்பதிவுக் கூடத்துப் பொறியாளர், இரைச்சலான இசையால் தம் கருவிகள் பழுதாகாதிருக்க வேண்டி, கம்ப்ரஸர் என்னும் அமுக்கியை இடையே வைத்தார். மீட்டிய கணத்தின் அதிர்ச்சியை அது அமுக்கும். தேய்ந்து மறையும் வாலை உயர்த்தும். பயத்தினால் வைத்த கருவியே அந்நாதத்தின் உயிராக அமைந்தது. அன்றியும், பாஞ்சோ என்னும் வாத்தியத்தில் பழகிய விரல்முறையைக் கொண்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக இடைவிடாது மீட்டி, ஒன்று மறையுமுன் அடுத்ததைச் சேர்த்தார். கருவியை வாங்கிவிட்டால் மட்டும் நாதம் வந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சிக்கன வழியும் கண்டோம். அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடங்களின் பெயரால் வழங்கும் முறை அது. பன்னிரு கம்பித் தொகுதி ஒன்றை வாங்கி, தடித்த நான்கு கம்பிகளுக்குப் பதிலாக, அத்தொகுதியிலுள்ள மேல் ஸ்தாயித் துணைக் கம்பிகளைச் சாதாரண ஆறு கம்பிக் கிதாரில் பூட்டுவது. பன்னிரு கம்பியின் பளபளப்பில் பாதி, ஒரு கம்பித் தொகுதியின் விலையில் கைக்கு வந்துவிடும்.

எல்லாம் பூட்டி முடித்த மாலை, பேரன் முதலில் பழைய நீண்ட கேபிளை மாட்டி ஒரு முறை வருடினான். பின் குறுகிய கேபிளை மாட்டி வருடினான். "ஆகா!" என்றார் என் மனைவியார். பேரன் துள்ளிக் குதித்தான். "கேட்டீர்களா தாத்தா? என்ன வித்தியாசம்!" என்றான்.

நேயர்களே, எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. கணக்கு என்னுடையது, விடை சரியானது, எதிரே இருவர் முகத்திலும் அதன் ஒளி தெரிகிறது. என் செவிக்கு மட்டும் இரண்டும் ஒன்றாகவே ஒலித்தன. "கேட்டேன், கேட்டேன், நன்றாகக் கேட்டேன்" என்றேன். பொய் சொல்லாதே என்று முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய கை என்னுடையது.

மறுநாள் மாலை மனைவியார் தம்புராவுக்குப் புதிய ஜீவா நூல் வைத்துக்கொண்டிருந்தார். நூலை மயிரிழை அளவு நகர்த்தும்போது, மந்தமாக இருந்த கம்பி ஓரிடத்தில் திடீரென்று உயிர் பெற்று மலரும். நாற்பது ஆண்டுகளாக அந்தக் கணத்தை அருகிருந்து கேட்டு மகிழ்ந்தவன் நான். அன்று அவர் கையை நிறுத்தினார். ஜீவா கூடிவிட்டது என்று அவர் முகம் சொல்லிற்று. எனக்கோ பழைய மலர்ச்சியின் நிழல்தான் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்து, "உங்களுக்குக் கேட்கவில்லை, அல்லவா? கொஞ்ச காலமாகவே எனக்குத் தெரியும்" என்றார்.

செவி மருத்துவரிடம் சென்றேன். 250 முதல் 8,000 அதிர்வுகள் வரை ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்து, ஒரு தாளில் கோடு வரைந்து காட்டினார். 2,000 வரை ஏறக்குறைய நேராகச் சென்ற கோடு, அதற்குமேல் மலைச்சரிவு போல் இறங்கியிருந்தது. உட்காதில் நத்தையோடு போலச் சுருண்ட உறுப்பின் வாயிலருகே உள்ள நுண்மயிர் உயிரணுக்களே உச்ச சுரங்களை உணர்பவை; வயதில் அவையே முதலில் அழிகின்றன; அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. எங்கள் கேபிள் கணக்கின் இரண்டு எண்களும், 2,900, 4,600 என்பவை, அந்தச் சரிவின்மேலேயே அமர்ந்திருந்தன. துருப்பிடித்த கம்பியைப் பற்றிப் பேரனுக்கு நான் சொன்ன வாக்கியம் அப்போது நினைவுக்கு வந்தது.

மருத்துவர் மேலும் ஒன்று சொன்னார். "இது ஒரு நாளில் வந்ததன்று. பேச்சில் உயிரெழுத்துகள் கீழ்ச்சுரத்தில் இருப்பதால் தெளிவாகக் கேட்கும். 'ஸ' போன்ற மெய்யொலிகள் உயரத்தில் இருப்பதால் மறையும். ஆகவே பிறர் முணுமுணுக்கிறார்கள் என்று தோன்றும்" என்றார். அந்தச் சொல் என்னைச் சுட்டது. நான் பணியாற்றிய கடைசி ஆண்டில் நடந்த பேச்சுப் போட்டியில், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பற்றி, "ஒற்றெழுத்துகளை விழுங்குகிறாள், உச்சரிப்பில் தெளிவில்லை" என்று மேடையிலேயே சொல்லிப் பரிசை மறுத்தேன். உடனிருந்த இரண்டு ஆசிரியர்கள், "நன்றாகத்தானே பேசினாள், ஐயா" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். தலைமையாசிரியரின் காதைவிடத் தங்கள் காது உயர்ந்தது என்று வாதாட அவர்களுக்குத் துணிவில்லை. கேட்டுக்கொள்ள எனக்குப் பணிவில்லை.

அந்தப் பெண் இப்போது எங்கள் ஊர்க் கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கெழுதுகிறாள். செவிக்கருவி பொருத்திய மறுவாரம் சென்று பார்த்தேன். "அம்மா, அன்று பிழை உன் நாவில் இல்லை, என் காதில் இருந்தது" என்றேன். அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அதன் பிறகு நான் மேடை ஏறவே இல்லை, ஐயா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கில் ஒரு தொகையைச் சொல்வது போல் சொன்னாள். மெய்யெழுத்து ஒவ்வொன்றும் மணி மணியாக என் காதில் விழுந்தது.

செவிக்கருவி பேச்சுக்கென்று அமைந்தது. இசைக்கு முழுதும் பொருந்துவதில்லை. ஆயினும் அன்று மாலை பேரனை வாசிக்கச் சொன்னேன். இரண்டு கேபிள்களையும் மாற்றி மாற்றி மாட்டச் சொன்னேன். முதலாவது, கதவுக்கு அப்பால் ஒலிக்கும் மணி. இரண்டாவது, கதவைத் திறந்ததும் ஒலிக்கும் மணி. "இப்போது கேட்கிறது, அப்பா. அன்று கேட்டதாகச் சொன்னது பொய்" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் மீண்டும் ஒரு முறை மீட்டினான். ரிக்கன்பேக்கர் வேண்டும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆனால் அவன் இப்போது தன் சம்பாத்தியத்தில் வாங்குவதாகச் சொல்கிறான்.

இளைஞர்களுக்கு ஒரு சொல்: புதுக் கருவியை நாடுமுன் பழைய கம்பியை மாற்றிப் பாருங்கள், பெட்டியின் அளவையும் தலையணிக் கேட்பியின் அளவையும் அடக்கி வையுங்கள், போன செவி திரும்பாது. என் வயதினருக்கு ஒரு சொல்: உலகம் முணுமுணுக்கிறது என்று தோன்றத் தொடங்கினால், பிறரைத் திருத்தப் புறப்படுமுன் ஒரு முறை செவியைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு சிறு கூட்டம் நடைபெறுகிறது. அந்தப் பெண்ணைப் பேச அழைத்திருக்கிறோம். வருவதாக அவள் இன்னும் சொல்லவில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலியை மட்டும் எனக்கென்று கேட்டு வைத்திருக்கிறேன்.